கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொது வருவாய்ப் பத்திரம்: வாங்கி வைத்திருப்பவரின் மதிப்புரை

ஆண்டுக்கு இரண்டு முறை, மே 15ஆம் தேதியும் நவம்பர் 15ஆம் தேதியும், என் தரகுக் கணக்கில் 250 டாலர் வரவு வைக்கப்படுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு வெளியிட்ட பொது வருவாய்ப் பத்திரங்கள் இரண்டை, ஒவ்வொன்றும் 5,000 டாலர் முகமதிப்பில் (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் தொகை), 5 விழுக்காடு வட்டிக்கு வாங்கி நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதே பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் என் மகள் படிக்கிறாள். அவளுடைய கட்டணப் பட்டியலில் கல்விக்கட்டணம், வளாகக் கட்டணம், விடுதி, உணவு என்று வரிசையாக வரும் தொகைகளைக் கட்டுபவனும் நான்தான். கட்டடத்துக்குக் கடன் கொடுத்தவனாகவும், அந்தக் கடன் அடைபடும் வருமானத்தைக் கட்டுபவனாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால், இந்தப் பத்திரத்தை இரு பக்கமிருந்தும் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, பாதுகாப்பான வரியில்லா வட்டி என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு இத்தகைய பத்திரங்களை வாங்குகின்றன. வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளின் அடிப்படை. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு விடுதியோ ஆய்வகமோ கட்ட வேண்டுமானால் இரண்டு வழிகளில் கடன் திரட்டலாம். மாநிலமே தன் முழு வரி அதிகாரத்தையும் பொறுப்பாக நிறுத்திப் பத்திரம் வெளியிடுவது ஒரு வழி. கலிஃபோர்னியாவில் அதற்கு வாக்காளர்களின் ஒப்புதல் தேவை. பல்கலைக்கழகம் தனக்கு வரும் குறிப்பிட்ட வருமானத்தை மட்டும் ஈடாகக் காட்டித் தானே கடன் வாங்குவது மற்றொரு வழி. இரண்டாவதுதான் வருவாய்ப் பத்திரம். இதில் கட்டடம் அடமானத்தில் இல்லை. தவணை தவறினால் கடன் கொடுத்தவர் விடுதியின் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்ல முடியாது. நம் ஊர்ப் போக்கிய முறையில் கடன் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை அனுபவிப்பார்; நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும். அந்த முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இங்கேயும் விளைச்சலின் மீதுதான் கண்; ஆனால் நிலத்தில் கால் வைக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை.

இந்த முறைக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரம் தன் குடிநீர்ப் பணிகளுக்காக, நீர்க் கட்டண வருமானத்திலிருந்து மட்டுமே அடைக்கக்கூடிய கடனை வாங்கியபோது, அது நகரின் கடன் வரம்புக்குள் வராது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் தீர்ப்பளித்தது. தனி நிதியிலிருந்து அடையும் கடன், வரி செலுத்துவோர் தலையில் விழும் கடனாகாது என்ற அந்த வாதமே பின்னர் பாலங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் வழி திறந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கூட்டரசின் பொதுப்பணி நிர்வாகம், செலவில் ஒரு பகுதியை மானியமாகக் கொடுத்து, மீதிக்குக் கல்லூரிகளின் பத்திரங்களைத் தானே வாங்கிக்கொண்டது. போர் முடிந்து திரும்பிய வீரர்கள் கல்லூரிகளில் நிறைந்த பிறகு, 1950ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் விடுதி கட்டுவதற்குக் குறைந்த வட்டியில் கூட்டரசுக் கடன் வழங்கியது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்ற மற்றொரு பெரிய அமைப்பு இன்றும் 1947ஆம் ஆண்டின் வருவாய்ப் பத்திரச் சட்டத்தின் கீழ்தான் கடன் திரட்டுகிறது. விடுதி, வாகன நிறுத்தம், மாணவர் மன்றம் என்று தாமே வருமானம் தரும் கட்டடங்களே அந்தக் காலத்தில் இம்முறைக்கு உரியவையாக இருந்தன. வகுப்பறையும் நூலகமும் மாநிலத்தின் பொறுப்பு என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணம் கலைந்ததற்குக் காரணம் வாக்குப்பெட்டியில் இருக்கிறது. உயர்கல்விக் கட்டடங்களுக்குக் கலிஃபோர்னிய வாக்காளர்கள் கடைசியாகப் பரந்த அளவில் ஒப்புதல் தந்தது 2006 நவம்பரில். அப்போது ஒப்புக்கொண்ட 1,040 கோடி டாலர் பத்திரத் திட்டத்தில் சுமார் 309 கோடி உயர்கல்விக்கு ஒதுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொண்டுவந்த 1,500 கோடி டாலர் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2024 நவம்பரில் நிறைவேறிய 1,000 கோடி டாலர் திட்டமோ பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உரியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கில்லை. மாணவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது, பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கும்படி வலுப்படுத்த வேண்டியிருக்கிறது. மாநிலத்தின் பத்திரம் வரவில்லையென்றால் பல்கலைக்கழகம் தன் பத்திரத்தைத்தான் நம்ப வேண்டும். சந்தையில் இந்தப் பெயர் இவ்வளவு அடிக்கடி கண்ணில் படுவதன் காரணம் இதுவே.

நான் வாங்கிய வகையின் பலமும், எனக்கு அதில் உள்ள மனச்சங்கடமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. 2003க்கு முன்பு இந்தப் பல்கலைக்கழகத்தின் பத்திரங்கள் பெரும்பாலும் விடுதித் தொகுப்பு, ஆய்வுக்கூடங்கள், பல்நோக்குத் திட்டங்கள் என்று வகைவகையாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வருமானமே ஈடு. 2003 செப்டம்பரில் எழுதப்பட்ட பொது வருவாய் ஒப்பந்தம் அந்தத் தனித்தனி ஓடைகளை ஒரே ஏரியில் கலந்தது. மாணவர் கல்விக்கட்டணம், ஆய்வு மானியங்களில் நிர்வாகச் செலவுக்கென்று வரும் பங்கு, கல்விசார் விற்பனைகளும் சேவைகளும் தரும் வருமானம், விடுதி போன்ற துணை நிறுவனங்களின் வரவு ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து இப்பத்திரங்களுக்கு ஈடாகின்றன. மருத்துவமனைகளின் வருமானம் இதில் சேராது. அவற்றுக்குத் தனிப் பத்திரம் உண்டு. கடன் தவணைக்குப் போதுமான அளவில் கட்டணங்களையும் விகிதங்களையும் நிர்ணயிப்போம் என்று ஆட்சிக்குழு அந்த ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது. பத்து வளாகங்களின் வரவு ஒருசேர நிற்பதால், ஒரு விடுதி பாதி காலியாக இருந்தாலும் பத்திரதாரர் கவலைப்பட வேண்டியதில்லை. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு உச்சத்திலிருந்து மூன்றாம் படியைக் கொடுத்திருப்பதன் அடிப்படை இந்த அகலம்தான்.

பத்திரதாரராக இதைப் படித்தபோது நிம்மதி அடைந்தேன். கட்டணம் செலுத்தும் தந்தையாக மீண்டும் படித்தபோது, ‘கட்டணங்களை நிர்ணயிப்போம்’ என்ற சொற்களில் என் கண் நின்றுவிட்டது.

இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பியவர் சாண்டா குரூஸ் வளாகப் பேராசிரியர் ராபர்ட் மைஸ்டர். 2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மாநிலத்தின் நிதி ஒதுக்கீடு வெட்டப்பட்டு, கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்த ஆட்சிக்குழு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம் அது. மாணவர்களின் கல்விக்கட்டணம் கட்டுமானப் பத்திரங்களுக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர் மாணவர்களிடமே எடுத்துச் சொன்னார். நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கூடிய ஆட்சிக்குழு உயர்வை நிறைவேற்றியது. மறுநாள் பெர்க்லி வளாகத்தில் மாணவர்கள் வீலர் மண்டபத்தை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்கள். ஈட்டுக்குள் இருப்பதாலேயே கல்விக்கட்டணம் கட்டடத்துக்குச் செலவாகிறது என்று பொருளாகாது, விடுதிக் கடன் விடுதி வாடகையிலிருந்தே அடைகிறது என்பது பல்கலைக்கழகத் தரப்பின் விளக்கம்.

இரண்டு தரப்பும் சொன்னதைப் பொறுமையாகப் படித்த பிறகு என் முடிவு இது: ஈடு வைப்பது வேறு, செலவிடுவது வேறு என்று பல்கலைக்கழகம் சொல்வது கணக்கியல் முறைப்படி சரி. நகையை வங்கியில் ஈடு வைத்தவர் சம்பளத்திலிருந்து தவணை கட்டுகிறார் என்றால், நகை செலவாகவில்லைதான். ஆனால் நகை இருந்ததால்தான் அந்த வட்டிக்குக் கடன் கிடைத்தது. உயர்த்தக்கூடிய கட்டணம் என்ற வருமானம் பின்னால் நிற்காவிட்டால், இந்தப் பத்திரத்துக்கு இந்தத் தரமதிப்பீடும் இந்தக் குறைந்த வட்டியும் கிடைத்திருக்குமா என்று கேட்டால், நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்க முடியும். அதனால் மைஸ்டர் எழுப்பிய கேள்வியைத் தேவையற்ற பதற்றம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, மாநிலம் ஆண்டுதோறும் தரும் ஒதுக்கீட்டின் ஒரு பகுதியையும் கட்டடக் கடனுக்கு ஈடாக்கவும் அதிலிருந்தே தவணை கட்டவும் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தது. மாநிலப் பொதுப்பணி வாரியத்தின் பழைய கட்டடக் கடன் 200 கோடி டாலருக்கு மேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாறியதும் அவ்வாண்டில்தான். பத்திரதாரருக்கு இதுவும் கூடுதல் பலம். ஆனால் ஆசிரியர் ஊதியத்துக்கும் வகுப்புகளுக்கும் வரும் அதே பணத்திலிருந்து இனிக் கட்டடத் தவணையும் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஈட்டின் அகலம் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்குப் பெர்க்லியின் நினைவு விளையாட்டரங்கை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1923இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் அடியிலேயே ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. இரு பக்கமும் மெல்ல எதிரெதிர்த் திசையில் நகர்வதால் சுவர்களில் விரிசல் கண்டு, 2010 முதல் 2012 வரை அரங்கைப் பெரும்பாலும் இடித்து எழுப்பினார்கள். அரங்குக்கு மட்டும் சுமார் 32 கோடி டாலர். அருகில் கட்டிய விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சி மையத்தையும் சேர்த்தால் செலவு 40 கோடியைத் தாண்டியது. அந்தக் கடனுக்கு அவர்கள் காட்டிய வருமானம் இருக்கைகள். சிறந்த இடங்களில் உள்ள இருக்கைகளுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டு உரிமையை விற்பது. அதில் சில இருக்கைகளின் விலை 2 லட்சம் டாலரைத் தாண்டியது. அப்படிச் சேரும் பெருநிதியின் வருமானத்திலிருந்து தவணையைக் கட்டுவது என்பது திட்டம். முதல் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் வட்டி மட்டும், அசல் அதன் பிறகு என்று அமைத்துக்கொண்டார்கள்.

எதிர்பார்த்த அளவு இருக்கைகள் விற்கவில்லை. நிதிநெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாற்பது ஆண்டுக்கு இருக்கை வாங்கத் துணிந்தவர்கள் குறைவு. கால்பந்து அணியின் தோல்விகளும் சேர்ந்துகொண்டன. விளையாட்டுத் துறையின் கணக்கு ஆண்டுக்காண்டு பற்றாக்குறையில் மூழ்கியது. கடைசியில் 2018இல் வளாக வேந்தர் கேரல் கிறிஸ்ட், நிலநடுக்கப் பாதுகாப்புக்காகச் செலவிட்ட பகுதி என்று கணக்கிட்டு, 23.8 கோடி டாலர் கடனை விளையாட்டுத் துறையிடமிருந்து எடுத்து வளாகத்தின் பொதுப் பொறுப்பில் சேர்த்தார். இத்தனையும் நடந்தபோது பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தவணையும் தவறவில்லை. ஒரு நாள் தாமதமும் இல்லை. கடன் வாங்கியது விளையாட்டுத் துறை அன்று, முழுப் பல்கலைக்கழகம். இருக்கை விற்காத சுமை கடன் கொடுத்தவர் மேல் விழாமல் வளாகத்தின் மேல், அதாவது அங்கே படிப்பவர்களின் மேலும் கற்பிப்பவர்களின் மேலும் இறங்கியது. முதலீட்டுப் பொருள் என்ற முறையில் இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. பொது நிறுவனம் என்ற முறையில் நோக்கினால், தவறான மதிப்பீட்டின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த மதிப்பீட்டைச் செய்தவர்கள் அல்லர் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு முறையும் அதே வளாகத்தில் நடந்தது. கீழ்ச் ஸ்பிரவுல் சதுக்கத்து மாணவர் கட்டடங்களைப் புதுப்பிக்கத் தங்கள் மீது ஒரு கட்டணம் விதித்துக்கொள்ளலாமா என்று 2010இல் மாணவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வாக்களித்தவர்களில் பலர் அந்தக் கட்டடம் 2015இல் திறக்கும் முன்பே பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்கள் என்றாலும், எதற்காக எவ்வளவு என்று கேட்டு, சம்மதம் பெற்று வாங்கிய கடன் அது. என் மகளின் பட்டியலில் வளாகக் கட்டணம் என்ற ஒற்றை வரிக்குள் இப்படிப் பல ஆண்டு வாக்கெடுப்புகள் அடங்கியிருக்கின்றன என்பதை அவளிடம் விளக்கியபோது, “அப்படியென்றால் நான் பிறப்பதற்கு முன் போட்ட ஓட்டுக்கும் நான் கட்டுகிறேனா, அப்பா?” என்று கேட்டாள். சில வாக்கெடுப்புகளைப் பொறுத்தவரை ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

இனி வாங்கும் அனுபவம். நான் தொலைபேசியில் பேசிய தரகு நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பேசியவர் “ஆண்டுக்கு 5 விழுக்காடு, வரி கிடையாது” என்று இரண்டு முறை சொன்னார். விலையைக் கேட்டபோது 108 என்றார். அதாவது 100 டாலர் முகமதிப்புக்கு 108 டாலர். என் இரண்டு பத்திரங்களுக்கு 10,800 டாலர். எட்டு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகம் விரும்பினால் முகமதிப்பை மட்டும் கொடுத்துப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இருப்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். அந்தப் பிரிவைக் கணக்கில் சேர்த்தால், கூடுதலாகக் கொடுத்த 800 டாலர் எட்டு ஆண்டுகளில் கரைந்துபோவதால், உண்மையான வருவாய் வீதம் 5 அன்று, சுமார் 3.8 விழுக்காடு. அதுவும் மோசமான வீதமில்லை. ஆனால் ஐந்து என்று நம்பி வாங்குவதற்கும் 3.8 என்று தெரிந்து வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “முன்கூட்டியே திரும்ப எடுத்துக்கொண்டால் எனக்கு மிகக் குறைந்தது எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான்.

இந்தக் குறையை ஈடுசெய்யும் அளவுக்குச் சிறந்த ஒரு பொதுச் சேவை உண்டு. அமெரிக்க நகராட்சிப் பத்திர ஒழுங்குமுறை வாரியம் நடத்தும் எம்மா என்ற இணையதளம் 2009 முதல் இத்துறையின் அதிகாரபூர்வ ஆவணக் களஞ்சியமாக இருக்கிறது. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. பத்திரத்தின் ஒன்பது எழுத்து அடையாள எண்ணை இட்டால், வெளியீட்டு அறிக்கை முழுமையாகத் திறக்கிறது. பல நூறு பக்கங்கள் கொண்ட அதில் ‘பத்திரங்களுக்கான ஈடு’ என்ற பகுதியை மட்டுமாவது வாங்குவதற்கு முன் படித்துவிட வேண்டும். அந்தப் பத்திரம் கைமாறிய ஒவ்வொரு பரிவர்த்தனையும் தேதி, நேரம், விலையோடு வரிசையாகக் காட்டப்படுகிறது. வாடிக்கையாளர் வாங்கியது, வாடிக்கையாளர் விற்றது, வணிகர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டது என்று மூன்று வகையாக அவை பிரிக்கப்பட்டிருக்கும். நான் வாங்கிய நாளைத் தேடிப் பார்த்தபோது, எனக்கு 108க்கு விற்ற அதே காலையில் வணிகர்களுக்கிடையே அது 107.10க்கு மாறியிருந்தது. என் 10,000 டாலரில் 90 டாலர் இடையில் போயிருக்கிறது. தரகர் அன்றே வாங்கி அன்றே விற்றால், அந்த இலாபத்தை, வாங்கியதை உறுதிசெய்து அனுப்பும் சீட்டில் அச்சிட வேண்டும் என்று 2018 மே முதல் விதி இருக்கிறது. என் சீட்டின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், அது இருந்தது. சிறிய தொகைக்கு வாங்குபவருக்கு விலை சற்றுக் கூடுதலாகவும், விற்கும்போது சற்றுக் குறைவாகவும் அமைவது இந்தச் சந்தையின் இயல்பு. முதிர்வு வரை வைத்திருக்க முடியாதவர்கள் இதை வாங்காமலிருப்பதே நல்லது.

முன்கூட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளும் பிரிவு ஏட்டில் மட்டும் இருக்கும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். 2009, 2010ஆம் ஆண்டுகளில், பொருளாதார ஊக்கச் சட்டத்தின் கீழ், அமெரிக்காவைக் கட்டுவோம் என்ற பெயரில் ஒரு வகைப் பத்திரங்கள் வந்தன. அவற்றின் வட்டிக்கு வரி உண்டு. ஆனால் வெளியிட்டவர் கட்டும் வட்டியில் 35 விழுக்காட்டைக் கூட்டரசு திருப்பித் தந்தது. 2013இல் கூட்டரசின் செலவு வெட்டு அந்த மானியத்திலும் கை வைத்தது. மானியம் குறைந்தால் பத்திரத்தைச் சிறப்பு நிபந்தனையின்படி திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு பிரிவைப் பத்தாண்டு கழித்துக் கையிலெடுத்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2024இல் அந்தப் பழைய பத்திரங்களைப் பெருமளவில் திரும்பப் பெற்றது. நீண்ட காலத்துக்கு உயர்ந்த வட்டி நிச்சயம் என்று நம்பியிருந்த முதலீட்டாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. பல்கலைக்கழகத்துக்கு வட்டி மிச்சமானால் மாணவர்களுக்கு நல்லது என்பதால் அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பத்திரத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு பிரிவும் ஒரு நாள் பயன்படுத்தப்படும் என்ற எண்ணத்தோடு படிக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. கலிஃபோர்னியாவில் வாழ்பவருக்கு இந்த வட்டிக்குக் கூட்டரசு வரியும் மாநில வரியும் இல்லை. இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வரி கட்டுபவருக்கு, 3.8 விழுக்காடு வரியில்லா வட்டி என்பது 5.7 விழுக்காடு வரியுள்ள வட்டிக்குச் சமம். வேறு மாநிலத்தில் வாழ்பவருக்கு அம்மாநில வரி பெரும்பாலும் உண்டு. ஓய்வுக்குப் பின் சென்னைக்கோ கோவைக்கோ திரும்பிவிடத் திட்டமிடுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தியாவில் முழு வசிப்பாளர் நிலைக்கு வந்துவிட்டால் உலகெங்கும் வரும் வருமானத்துக்கு அங்கே வரி கட்ட வேண்டும், அமெரிக்கா தரும் இந்த விலக்கு இந்தியாவில் செல்லாது. வரியில்லை என்பதற்காகவே குறைந்த வட்டியை ஏற்றுக்கொண்ட பத்திரத்துக்கு அங்கே முழு வரியும் கட்டுவது எவ்வகையிலும் பொருந்தாது. திரும்பும் முன் இவற்றை மாற்றிக்கொள்வதே முறை.

பல்கலைக்கழகப் பத்திரம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன. இதே பல்கலைக்கழகத்தின் வரையறுத்த திட்ட வருவாய்ப் பத்திரங்களுக்கு விடுதி, வாகன நிறுத்தம் போன்ற குறிப்பிட்ட திட்டங்களின் வருமானமே ஈடு. தரமதிப்பீடு ஒரு படி கீழே. டெக்சாஸில் கதையே வேறு. 1876இலும் 1883இலும் அம்மாநிலம் தன் பல்கலைக்கழகங்களுக்கென ஒதுக்கிய மேற்கு டெக்சாஸின் 21 லட்சம் ஏக்கர் வறண்ட நிலத்தில் 1923இல் எண்ணெய் பீறிட்டது. அந்த நிலம் சேர்த்துத் தந்த நிரந்தர நிதியின் வருமானத்தை ஈடாகக் கொண்டு அவர்கள் தனிப் பத்திரம் வெளியிடுகிறார்கள். மாணவர் கட்டணத்தைத் தொடவேண்டிய அவசியமே அந்தப் பத்திரத்துக்கு இல்லை. அப்படியொரு நிலம் எல்லா மாநிலங்களுக்கும் வாய்க்கவில்லை.

நான் தொடவே விரும்பாதது மூன்றாவது வகை. பல்கலைக்கழக வளாகத்தில், பல்கலைக்கழக நிலத்தில், வேறொரு இலாபநோக்கற்ற அமைப்பின் பெயரில் கட்டப்படும் விடுதிகள் அவை. கட்டடத்தின் பெயர்ப்பலகையில் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். பத்திரத்தின் ஈட்டிலோ அந்த ஒரு விடுதியின் அறை வாடகை மட்டுமே இருக்கும். 2020இன் வசந்தத்தில் தொற்றுக்காக மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விடுதிக் கட்டணத்தையும் உணவுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதன் பொது வருவாய்ப் பத்திரங்களின் தவணைகள் தவறவில்லை, ஏனென்றால் ஏரியின் மற்ற ஓடைகள் வற்றவில்லை. ஒற்றை விடுதியை நம்பிய பத்திரங்களுக்கு அந்த வசதி கிடையாது. சற்றுக் கூடுதல் வட்டி கிடைக்கிறதே என்று அவற்றை எடுப்பவர்கள், வெளியீட்டு அறிக்கையில் பல்கலைக்கழகம் எதற்கும் பொறுப்பேற்கவில்லை என்று எழுதியிருக்கும் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு எடுக்கட்டும்.

நூறாண்டுப் பத்திரத்தையும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2012 பிப்ரவரியில் இந்தப் பல்கலைக்கழகம் 86 கோடி டாலரை 4.858 விழுக்காட்டுக்கு, 2112 வரை கடன் வாங்கியது. வட்டிக்கு வரி உண்டு. அசலைக் காணப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கும் உரிய பொருள் அது. வட்டி ஏறினால் விலை எவ்வளவு சரியும் என்பதை நினைத்தாலே தனிநபருக்கு அது ஏற்றதன்று என்பது விளங்கும்.

என் மதிப்பெண்: முதலீட்டுப் பொருளாக ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது விற்பவர்களின் அரைகுறைப் பேச்சுக்காக. பொதுக் கட்டடத்துக்குப் பணம் திரட்டும் வழி என்ற முறையில் ஐந்துக்கு மூன்று. ஏரியைப் போல் அகன்ற ஈடு கடன் கொடுத்த என்னைக் காக்கிறது. ஆனால் எந்தக் கட்டடம் தன் கடனைத் தானே அடைக்கிறது, எது மற்றவர்களின் கட்டணத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் கட்டணம் செலுத்தும் குடும்பத்தின் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்தும்விடுகிறது. பத்திரதாரருக்கு எம்மாவில் பல நூறு பக்கம் கிடைக்கிறது. மாணவருக்குக் கட்டணப் பட்டியலில் ஒரு வரிதான். வளாகக் கட்டணத்தின் ஒவ்வொரு டாலரும் எந்தக் கட்டடத்துக்கு, எந்த ஆண்டு வரை என்று அந்தப் பட்டியலிலேயே அச்சிட்டால், அந்த மூன்றை மகிழ்ச்சியோடு நான்காக்குவேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள், ஏற்கெனவே வெளியான பத்திரங்கள் கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தையில் என்னைப் போல் 90 டாலரை இடையில் விட வேண்டியதில்லை. புது வெளியீடுகள் பலவற்றில், பெருநிறுவனங்களுக்கு விற்கும் முன் தனிநபர்களின் விண்ணப்பங்களை முதலில் ஏற்கும் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அன்று எல்லாருக்கும் ஒரே விலைதான். வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பே முதற்கட்ட அறிக்கை எம்மாவில் வந்துவிடும். அடுத்த வெளியீட்டின் அறிக்கை வந்ததும், இம்முறை மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஈட்டுப் பகுதியை அவளோடு சேர்ந்து படிக்கப்போகிறேன்.